தையல் கடை மாடி

வடசேரி, நாகர்கோவில்
ஞாயிறு ராத்திரி

எட்டி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தீபாவளித் துணி கடையில் மலை மாதிரி கிடந்தது, அதான் தாமதம். கையில் போன் இருக்க இதென்ன காகிதமும் பேனாவும் என்று உன் மருமகள் சிரித்தாளாமே. போனில் என்றால் நீ என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விடமாட்டாய். இதைக் கடைசி வரை வாசி. அப்புறம் திட்டு.

நீ கேட்டது இவ்வளவுதான்: முட்டி தேய்ந்துபோய்க் கிடக்கிறவளுக்கு இந்த வயசில் என்ன சங்கம், என்ன கூட்டம்? உன் சித்தி மகள்தான் பற்ற வைத்திருப்பாள். அவள் சொன்னதில் பாதி நிஜம். மாதத்தில் ரெண்டாவது ஞாயிறு, கோயில் ஆராதனை எல்லாம் முடிந்து ஊர் மத்தியானம் படுத்துத் தூங்குகிற நேரத்தில், என் கடை மாடியில் இருபது முப்பது பிள்ளைகள் கூடுகிறார்கள். ஆணை விரும்புகிற ஆண்பிள்ளைகள், பெண்ணை விரும்புகிற பெண்பிள்ளைகள். மந்திரவாதமும் கிடையாது, மதமாற்றமும் கிடையாது. டீ, ரசவடை, பேச்சு. அவ்வளவுதான் கூட்டம்.

தொடங்கினது நான் இல்லை. 2018-ல் எனக்குக் காஜா எடுத்துக் கொடுக்க ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். கை சுத்தமான பையன். அந்த செப்டம்பரில் ஒருநாள் மட்டும் பன்னிரண்டு காஜாவும் கோணல்மாணலாக எடுத்து வைத்திருந்தான். கண் எங்கே இருக்கு என்று சத்தம் போட்டேன். அன்றைக்கு 6-ஆம் தேதி. வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிவைத்து இவர்களைக் குற்றவாளியாக்கின 377-ஆம் பிரிவு, சம்மதத்தோடு சேர்ந்திருக்கிற பெரியவர்கள்மேல் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன நாள். அவன் கை நடுங்கினது அதனால் என்று எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும்.

அந்த டிசம்பரில் வந்து கேட்டான். "அக்கா, மாடி சும்மாத்தானே கிடக்கு. ஞாயித்துக்கிழமை நாலஞ்சு பேரு இருந்து குரூப் ஃபோருக்குப் படிக்கட்டா?" நம் மாவட்டத்தில் படிக்கிறேன் என்று சொன்னால் திறக்காத கதவு உண்டா? சாவியைக் கொடுத்தேன். நாலு மாதம் நானும் நம்பினேன். பிறகு ஒருநாள் டீ எடுத்துக்கொண்டு மாடி ஏறினால் ஒரு புத்தகம் கிடையாது. அஞ்சு பேரும் தரையில் வட்டமாக இருக்கிறார்கள். நடுவில் ஒருவன் என் லைனிங் துணி ஒன்றை முகத்தில் பொத்திக்கொண்டு அழுகிறான். ஆறு வருஷம் கூடவே இருந்தவனுக்கு அன்றைக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக நிற்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? டீயை வைத்துவிட்டு இறங்கினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. பெண்கள் வந்துபோகிற கடை, நாளைக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் என்ன ஆகும் என்று பயம். மறுநாள் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீ என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்துவிடக் கூடாது.

ஜூனில் இடவப்பாதி மழை பிடித்தது. அரளிப்பூ வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வருகிறேன். குளச்சல் பஸ் நிற்கிற இடத்தில் அந்த அஞ்சு பேரும் நிற்கிறார்கள். பஸ் வருகிறது, போகிறது. ஏறவில்லை. அடுத்ததும் வருகிறது, போகிறது. ஏறவில்லை. சாரல் அடித்து பேண்ட் முழங்கால் வரை நனைந்திருக்கிறது, இவர்கள் ரோட்டைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருக்கிறார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. எனக்கு விஷயம் புரிய மூன்று பஸ் ஆனது. கூட்டம் நடக்கிறது! மாதத்தில் ரெண்டாவது ஞாயிறு அல்லவா. பூவை இடுப்பில் சொருகிக்கொண்டு கிட்டே போய், "மேல வாருங்கல, டீ போடுகேன்" என்றேன். அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் பேசவில்லை.

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குக் கிறிஸ்டோபர் பேருந்து நிலையம் என்று பெயர் இருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். 1969 ஜூன் 28-ல் நியூயார்க்கில் போலீஸ் புகுந்த மதுக்கடை, இவர்களைப் போன்றவர்கள் திருப்பி நின்று பல நாள் சண்டை போட்ட இடம், அதுவும் கிறிஸ்டோபர் தெருவில்தானாம். இதைக் கண்டுபிடித்ததிலிருந்து பிள்ளைகளுக்கு அந்த பஸ் ஸ்டாண்டுமேல் ஒரு தனிப் பாசம். நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மாடியில் ஒரே ஒரு சட்டம். "நீ யாருக்க மோன்?" என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. நம் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு கிளாஸ் தண்ணி குடிக்க முடியுமா? சென்னையில் இருக்கிற உனக்கு அது மறந்திருக்கலாம். இங்கே குடியிருக்கிற விளையின் பெயரைச் சொன்னால் சாதி தெரியும், சர்ச்சின் பெயரைச் சொன்னால் சபை தெரியும், தாத்தாவின் பெயரைச் சொன்னால் அவர் யாரிடம் கடன் வாங்கினார் என்பதுவரை தெரியும். ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் அன்று சாயங்காலமே அதன் அம்மா காதில் விழும். அதனால்தான் இங்கத்துப் பிள்ளைகள் இத்தனை வருஷம் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மதுரை அதைவிட மூன்று மடங்கு தூரம். திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் அழணும், அதுதான் கஷ்டம் என்று ஒருத்தி சொன்னாள்.

ஊர் கேட்கக் கூடாது, அப்பா பெயர் கேட்கக் கூடாது என்றால் பிறகு எப்படிக் கூப்பிடுவது? என் பொத்தான் டப்பாவிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டார்கள். முதல் பையன் காஜா. பேசத் தொடங்கினால் நூல் தீர்கிறவரை நிற்காதவன் பாபின். ஊக்கு என்று ஒருத்தி, ஜிப் என்று ஒருத்தன். ஊக்கு வந்த கதையைச் சொல்லணும். பெண்பிள்ளைகளுக்கு என் கடை நல்ல மறைவு. கவரில் ஒரு பிளவுஸ் பிட்டோடு வந்தால் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவள் எட்டு மாதம் ஒரே பிட்டைக் கொண்டுவந்தாள். மஞ்சளில் பச்சைப் புள்ளி. மடித்த இடமெல்லாம் சாயம் வெளுத்துவிட்டது. ஒன்பதாவது மாதம் அதை விரித்துப் போட்டு, "அக்கா, நிஜமாவே தைச்சுத் தாங்க, இண்டர்வியூ இருக்கு" என்றாள். வெளுத்த மடிப்பு முதுகில் வராமல் வெட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த வேலை கிடைக்கவில்லை, அடுத்தது கிடைத்தது.

அஞ்சு பேர் பதினொன்றானார்கள். அப்புறம் கொரோனா வந்தது. அந்த ஒன்றரை வருஷத்தைப் பற்றி அதிகம் எழுத மனசில்லை. வெளியே போக ஒரு சாக்கும் இல்லாமல், வீட்டோடு அடைபட்டுக் கிடந்தார்கள். நான் மாஸ்க் தைத்துக்கொண்டே போனைக் காதில் இடுக்கியிருப்பேன். குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவன் ரப்பர் ஷீட் அடிக்கிற புரையில் நின்று பேசுவான், மெஷின் சத்தத்தில் வீட்டில் கேட்காது என்று. எனக்கும் பாதி கேட்காது. ஒருத்தியை அந்தச் சமயத்தில்தான் கட்டிக்கொடுத்தார்கள். ஐம்பது பேருக்குமேல் கூடக் கூடாது என்கிற காலம், செலவு மிச்சம் என்று அவசரமாக முடித்தார்கள். அவளிடமிருந்து பிறகு போன் வரவில்லை. நம்பரை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆனால் அதே சமயத்தில்தான் கையில் ஒரு ஆயுதமும் கிடைத்தது. மதுரையிலிருந்து ரெண்டு பெண்கள் சென்னைக்குப் போய்த் தங்கி, போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று போட்ட வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். ஒரு ஹைகோர்ட் ஜட்ஜ் எனக்குத் தெரியாது என்று சொன்னார் பார், நம் வீட்டு ஆம்பிளைகள் ஒருத்தன் சொல்லியிருப்பானா? பிள்ளையைக் காணவில்லை என்று புகார் வந்தாலும், வயசு வந்தவர்கள், விருப்பப்பட்டுத்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று விசாரணையில் தெரிந்தால், தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவைக்கணும். மாற்றிக் காட்டுகிறேன் என்று யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது. அடுத்த வருஷமே, இவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதியிலும் சேர்த்தார்கள்.

பாபின் அந்த உத்தரவை அச்செடுத்து நாலு நகல் கடையில் வைத்தான். ஒன்று என் அளவு நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. போன வருஷம் இருபத்திரண்டு வயசுப் பெண் ஒருத்திக்காக ஒரு ஸ்டேஷனுக்குப் போனோம், எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை. முதலில் எங்களை உட்காரவே சொல்லவில்லை. வக்கீல் அம்மா அந்தத் தாளை மேஜையில் வைத்தார். அந்த அதிகாரி வாசித்தார், திருப்பி வாசித்தார், ரெண்டு பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். பிறகு நாற்காலி வந்தது.

மாற்றிக் காட்டுகிற வைத்தியம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம்மோடு சேர்ந்துகொண்ட நர்ஸ் அக்காவை நீ பார்க்கணும். முப்பத்தைந்து வருஷம் வார்டில் வேலை பார்த்தவர். ஒரு தாய் தன் பையனை எங்கோ கூட்டிக்கொண்டுபோய் ஊசி போட்டுவிட்டு வந்து கடையில் அழுதாள். நர்ஸ் அக்கா அவளைத் திட்டவில்லை. "இது நோயில்ல மோளே. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. மாத்துகேன்னு ஒரு டாக்டர் சொன்னா அது அவரு தொழில்ல செய்யுத தப்புன்னு மருத்துவ ஆணையமே 2022-ல எழுதியாச்சு. அந்த ரூபாயைத் திருப்பி வாங்கு" என்றார். பாதி வந்தது. மீதிக்கு இன்னும் நடக்கிறாள்.

நமக்கு இதற்கு ஒரு நல்ல வார்த்தைகூட இருந்ததில்லை, கவனித்திருக்கிறாயா? இருந்ததெல்லாம் வசவு. பத்திரிகைக்காரர்கள் ஓரினச்சேர்க்கை என்று எழுதுவார்கள். "சேர்க்கை"ன்னா படுக்கையை மட்டும்தான் சொல்லுது அக்கா, நான் அவளை நினைச்சுக்கிட்டு ஆறு மாசம் சாப்பிடாம இருந்தது அதுல எங்க வருது, என்று ஊக்கு கேட்டாள். இப்போது தன்பாலீர்ப்பு என்கிறார்கள். கோர்ட் கேட்டுக்கொண்டே இருந்ததில் தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு சொற்பட்டியலையே அரசிதழில் போட்டது. சென்னையில் 2003-லிருந்து ஓரினம் என்று ஒரு குழு, சம்பளம் வாங்காத ஆட்களே நடத்துவது, தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். வீட்டில் சொல்லத் தைரியம் வராத பிள்ளைகள் அதை அச்செடுத்து அம்மா தலையணைக்கடியில் வைக்கிறார்கள்.

பெற்றோருக்கென்று தனியாக ஒரு டீ தொடங்கினோம். இது பாபின் சொன்ன கதையால் வந்தது. நியூயார்க்கில் ஜீன் மான்ஃபோர்ட் என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர். 1972-ல் மகனை ஒரு விழாவில் வைத்து அடித்துப் போட்டார்கள், போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அந்த ஜூன் ஊர்வலத்தில் அவர் மகனோடு ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பெற்றோர்களே நம் பிள்ளைகளுக்குத் துணையாக ஒன்று சேருங்கள் என்று. வழியெல்லாம் பிள்ளைகள் ஓடிவந்து, எங்க அம்மாகிட்டப் பேசுவீங்களா என்று கேட்டார்களாம். அடுத்த மார்ச்சில் ஒரு மெதடிஸ்ட் சர்ச்சில் முதல் கூட்டம், வந்தது சுமார் இருபது பேர். இன்றைக்கு அந்த நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் கிளைகள். அதே ஊரில் 1979-ல், பதினைந்து வயசுப் பையனை அடித்து விடுதியிலிருந்து துரத்தினார்கள் என்று கேள்விப்பட்ட ரெண்டு பேர், ஹெட்ரிக் ஒரு மனநல மருத்துவர், மார்ட்டின் ஒரு பேராசிரியர், இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ஆறு வருஷத்தில் அது பள்ளிக்கூடமும் நடத்தியது. சர்ச்சில் கூட்டம் என்று கேட்டதும் எனக்கு ஆச்சரியம். நம் ஊரில் தடுக்கி விழுந்தால் சர்ச். ஒன்றில் இடம் கேட்டுப் பார்த்தோம். ஜெபிக்கிறோம் என்றார்கள். இன்னும் ஜெபிக்கிறார்கள்.

பெற்றோர் டீக்கு முதலில் வந்தவர் ஒரு கடற்கரைக்காரர். ஐம்பத்தைந்து வயசு, கை முழுக்க வலைக்கயிற்றுத் தழும்பு. முதல் மாதம் ஒரு கவர் நெத்தலியை மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார். ரெண்டாவது மாதமும் நெத்தலி. மூன்றாவது மாதம் உட்கார்ந்தார். "கல்யாணம் கட்ட சட்டம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றான் பாபின். 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அதைப் பார்லிமெண்டு பார்க்கட்டும் என்று விட்டுவிட்டது. ஆனால் கல்யாணம் ஒன்றுதான் குடும்பமாவதற்கு வழி என்று இல்லை என 2025 மே மாதம் நம் ஹைகோர்ட்டே சொல்லியிருக்கிறது என்றான். அதெல்லாம் அவருக்கு ஏறவில்லை. "வயசானா இவனுக்கு யாரு ஒருவாய் கஞ்சி குடுப்பா?" ஒருவரும் பேசவில்லை. நர்ஸ் அக்காதான், "எனக்கு மூணு பிள்ளேளு. மூணும் கனடாவுல. நேத்து ராத்திரி பன்னு தின்னுட்டுப் படுத்தேன்" என்றார். அந்தக் கடற்கரைக்காரர் சிரித்த சிரிப்பில் கீழே கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எட்டி, இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். 1983-ல் உன் அண்ணனுக்கு என்னைப் பார்க்க வந்தீர்கள். முந்திரிக்கொத்து எல்லாம் தின்றுவிட்டுப் போய் ஒரு வாரத்தில் வேண்டாம் என்று ஆள் அனுப்பினீர்கள். நான் ரெண்டு வருஷம் உன்னோடு பேசவில்லை. உனக்குத் தெரியாதது, அண்ணன் பம்பாய்க்குப் போகிறதுக்கு முந்தின நாள் எங்கள் கிணற்றடிக்கு வந்தார். "உன்மேல ஒரு குறையும் இல்ல. என்னைக் கெட்டுனா உன் வாழ்க்க வீணாப்போவும், மனசுல வைக்காத" என்றார். கறுப்பாக இருக்கிறேன் என்பதைத்தான் நாகரிகமாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு கடைசி வரை கட்டவே இல்லை, உன் அம்மா சாவுக்குக்கூட ஒரு நாள்தான் தங்கினார். நான் எதையும் முடிவு கட்டவில்லை. ஆனால் மாடியில் அந்தப் பையன் லைனிங் துணியில் முகத்தைப் பொத்தி அழுதபோது எனக்குக் கிணற்றடிதான் ஞாபகம் வந்தது. சாவியைப் பிடுங்கினதும் அதனால்தானோ என்னவோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது மார்த்தாண்டத்திலும் ஒரு இடம் வேண்டியிருக்கிறது. களியக்காவிளை, அருமனைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இங்கே வந்து திரும்பினால் இருட்டிவிடுகிறது. இடத்துக்கு வாடகை, வாடகைக்கு ரசீது, ரசீதுக்கு ஒரு பதிவு. வக்கீல் அம்மா சங்கமாகப் பதிவு செய்யலாம் என்றார். இதில்தான் பெரிய சண்டை. பதிவு செய்தால் ரெய்டு வரும் என்று ஒருத்தன், பதிவு செய்யாவிட்டால் நாளைக்கு நாம் யாருமே இல்லை என்று ஒருத்தி. ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டே போய்விட்டார்கள். ஒருத்தன் திரும்பி வந்தான்.

கடைசியில் பதிவு என்று முடிவானது. 1975-ஆம் வருஷத்துச் சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் கையெழுத்து வேண்டும். வக்கீல் அம்மா ஃபாரத்தை மேஜையில் விரித்தார். பெயர், தகப்பன் பெயர், வீட்டு முகவரி! மாடியில் ஒருத்தரும் கேட்கக் கூடாது என்று ஆறு வருஷம் காத்த கேள்வி, வரிசையாகக் கட்டம் போட்டு நிற்கிறது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கே தொண்டை அடைத்தது.

காஜா எழுதினான். இருபத்தொன்பது வயசாகிறது, வீட்டில் தெரியும், போகட்டும் என்றான். ஊக்கு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் இருந்துவிட்டு, ஜெபகூட்டத்துக்குப் பிந்துகிறது என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பாபினால் முடியாது. அவன் நிஜமாகவே குரூப் ஃபோர் எழுதிப் பாஸாகிவிட்டான், தெரியுமா! புத்தகம் இல்லாமல் மாடியில் இருந்து படித்ததற்குப் பலன். அரசாங்க வேலை, கொஞ்ச நாள் போகட்டும் என்று நாங்களே தடுத்தோம். நான் போட்டேன். நர்ஸ் அக்கா, வக்கீல் அம்மா. அந்தக் கடற்கரை அண்ணன் தகப்பன் பெயர்க் கட்டத்தில் தன் அப்பா பெயரை எழுதிவிட்டு, "இதுல மகன் பேருக்குக் கட்டம் இல்லியா?" என்று கேட்டார்.

எண்ணிப் பார். ஆறு.

உனக்கு வீட்டு முகவரி இன்னும் கோட்டாறுதான், ஆதாரிலும் மாற்றவில்லை என்று போன மாதம்தான் சொன்னாய். பென்ஷன் வருகிறது, யார் என்ன சொன்னாலும் அது நிற்காது. மகனிடம் கேட்டுவிட்டு வா என்று நான் சொல்லமாட்டேன், கேட்காமல் வா என்றும் சொல்லமாட்டேன். வருகிற ரெண்டாவது ஞாயிறுக்கு முன்னால் வெள்ளிக்கிழமை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் சனி காலையில் இங்கே இறங்கலாம். காஜா பைக்கில் ஸ்டேஷனுக்கு வருவான், உன் சூட்கேஸ் பெரியதென்றால் ஆட்டோ பிடிப்பான். ஆதார் நகல் ரெண்டு, போட்டோ மூன்று. கண்ணாடியையும் மறக்காதே, போன தடவை மாதிரி என்னுடையதைக் கேட்காதே. மரச்சீனிக்கிழங்கும் நெத்தலிக் கறியும் வைக்கிறேன், நெத்தலி எங்கேயிருந்து வரும் என்று உனக்கே தெரியும்.

வர மனசில்லை என்றால் ஒரு கார்டு போடு. கோபித்துக்கொள்ளமாட்டேன். ரெண்டு வருஷம் பேசாமல் இருக்கிற வயசு போய்விட்டது.

உன்,
வடசேரிக்காரி

பின்குறிப்பு: அந்த மெரூன் பட்டு பிளவுஸ் தைத்து முடிந்துவிட்டது. கை இறுக்கமாக இருக்கும் என்று தோன்றுகிறது, உள்ளே தையல் விட்டிருக்கிறேன். வந்தால் போட்டுப் பார்த்துப் பிரித்துத் தருகிறேன்.